மன்சியும் டாப்லோடரும்

1964 மாடல் கார்களில் ஃபோர்டின் நான்கு கியர் டாப்லோடர் கியர்பாக்ஸ் அறிமுகமானபோது, ஜெனரல் மோட்டார்ஸின் மன்சி கியர்பாக்ஸ் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பெரிய வி-8 எஞ்சினின் முறுக்குவிசையைத் தாங்குவதுதான் இரண்டுக்கும் வேலை. அந்தப் பலத்தை எங்கே வைப்பது என்பதில்தான் வழிகள் பிரிந்தன.

மன்சியின் உறை அலுமினியம். எடை குறைவு, வெப்பமும் சீக்கிரம் வெளியேறும். அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், கியரை நகர்த்தும் ஃபோர்க்குகளும் மூடியோடு கையில் வந்துவிடும். மெக்கானிக்குக்கு இது வசதி. ஆனால் உறையின் பக்கத்தில் அவ்வளவு பெரிய வாய் இருந்தால் விறைப்பு குறையத்தான் செய்யும். வருடங்கள் போகப்போக, கீழ்த்தண்டு செருகிய துளை தளர்ந்து ஆயில் கசிவதும் உண்டு.

டாப்லோடரில் பக்கங்களும் அடியும் ஒரே வார்ப்பிரும்பு. திறப்பு மேலே மட்டும். அதை மூடுவது சாதாரணத் தகடு. ஃபோர்க்குகள் உள்ளேயே தண்டுகளில் நகரும். கனம் அதிகம்தான், ஆனாலும் பலத்தை உறையிலேயே வைத்த இந்த யோசனையைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸ் பலத்தைப் பல்லில் தேடியது. சாய்பல் கியர்கள் பளுவில் ஒன்றையொன்று தண்டின் போக்கில் தள்ளும்; அந்தத் தள்ளல் தாங்கிகளையும் உறையையும் அழுத்தும். எம்-22 மன்சியில் பற்களின் சாய்வைக் குறைத்தார்கள். தள்ளல் குறைந்தது, சூடும் குறைந்தது, இரைச்சல் ஏறியது. அந்த ஊளையால்தான் அதற்கு 'ராக் கிரஷர்' என்று பெயர். அவர்களின் 1970 செவெல் எல்எஸ்-6 காரை வாங்கியவர்களில் சிலர் எம்-22-ஐக் கேட்டு வாங்கினார்கள்.

ஓட்டுபவருக்கு உறையைவிட விகிதம்தான் முதலில் தெரியும். எம்-22-இன் முதல் கியர் 2.20, இரண்டாவது 1.64. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் மாற்றினால் எஞ்சின் சுமார் 4,470-இல் வந்து நிற்கும். அகல விகித டாப்லோடரில் 2.78, 1.93, அங்கே 4,170 வரை இறங்கும். பந்தயத் தடத்தில் அந்த 300 சுற்று பெரிய விஷயம். ஆனால் நிற்கும் காரைக் கிளப்ப 2.20 போதாது, பின் அச்சில் 4.11 போட்டால்தான் மொத்தம் 9.04 வரும். டாப்லோடர் 3.25 அச்சிலேயே 9.04 கொடுத்துவிடும், நெடுஞ்சாலையில் எஞ்சினும் அலறாது. நெருக்க விகிதம் ஃபோர்டிலும் கிடைத்தது: முதல் கியர் 2.32. தினசரி ஓட்டத்துக்கு என் தேர்வு 2.78 டாப்லோடர்தான். சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சைத் தேய்த்துக் கிளப்ப வேண்டிய எம்-22-ஐ ரேஸ் ஓட்டாதவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.