குடிபெயர்ந்த எழுத்துக்கள்

மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் ஒரு சாஸனம் செதுக்கி வைத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஓர் ஆலயம் எடுப்பித்தேன் என்பது அதன் சாராம்சம். சுமார் 1,400 வருஷங்களுக்கு முன்பு, பழைய சாமான்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிய முறைக்கு மாறிய ஒரு மனிதனின் பெருமிதம் அந்தச் சில வரிகளில் இருக்கிறது. என் எழுத்து மேஜையில் ஒரு சிறு மாறுதல் நடந்ததிலிருந்து அந்த சாஸனம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

என்ன மாறுதல் என்கிறீர்களா? என் கம்ப்யூட்டரின் இயங்குதளத்தை மாற்றினேன். இயங்குதளம் என்பது யந்திரத்துக்கும் நமக்கும் நடுவே நின்று காரியங்களைக் கவனிக்கும் காரியஸ்தன் மாதிரி. என்னிடம் அதுவரை விண்டோஸ் 10 என்னும் காரியஸ்தன் இருந்தான். 2015இல் உத்தியோகத்துக்கு வந்தவன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அவனுக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் முடிந்தன. அதில் எனக்கு வருத்தம் இல்லை. எந்தச் சத்திரத்தில்தான் நிரந்தரமாகத் தங்க முடியும்?

செங்கற்பட்டில் எங்கள் தெருவிலேயே ஒரு கல்லூரி மாணவன் இருக்கிறான். “லினக்ஸ் போட்டுடலாம் மாமா, பத்துப் பைசா செலவில்லை” என்றான். சுண்டுவிரல் அளவு பென்டிரைவ் ஒன்றைச் செருகி, நான் காபி குடித்து, வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் லினக்ஸ் மின்ட் என்பதை யந்திரத்தில் குடியேற்றிவிட்டான்.

முதலில் எனக்கு ஏற்பட்டது ஏமாற்றம். எல்லாம் பழையபடியே இருந்தது! கீழே அதே பட்டை; இடது மூலையில் அதே மாதிரி பொத்தான்; குப்பைத் தொட்டிகூட உண்டு. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன். வித்தியாசங்கள் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. ‘ஸி’, ‘டி’ என்று அறை அறையாகப் பிரிந்திருந்த வீடு போய், எல்லாமே ஒரே வேரிலிருந்து கிளை விடும் ஆலமரமாக இருந்தது. எதையாவது புதிதாக நிறுவ வேண்டுமானால் வீட்டுக்காரனையே, “உங்கள் கடவுச்சொல் என்ன?” என்று நிறுத்திக் கேட்டது. தமிழ்99 விசைப்பலகை, யாரிடமும் கடன் வாங்காமல், அதன் பெட்டியிலேயே இருந்தது.

புதியது ஏன் பழையதைப் போல வேஷம் போடவேண்டும்? இதற்கு விடை தேடிப் புத்தகம் எதையும் புரட்ட வேண்டியதில்லை. மாமல்லபுரம் பஸ் ஏறினால் போதும். மகேந்திரன் தொடங்கிய கல் வேலை அவனோடு நிற்கவில்லை. செங்கற்பட்டுக்குப் பக்கத்திலேயே வல்லத்தில், அவனுக்கு அடங்கிய சிற்றரசனின் மகன் கந்தசேனன் ஒரு குகைக்கோயில் குடைந்து, அதைத் தமிழிலேயே எழுதி வைத்தான். பிறகு மாமல்லபுரத்தில் முழுப் பாறைகளே ரதங்களாயின. திரௌபதி ரதத்தின் எதிரில் நின்று பாருங்கள். அது கூரை வேய்ந்த குடிசை! கல்லில் ஓலை எதற்கு? மழை ஒழுகுமா, கறையான் அரிக்குமா? பீம ரதத்தின் வண்டிக் கூரையும் மரக் கட்டடத்தின் சாயல்தான். மரம் வேண்டாம் என்று கிளம்பியவர்களின் வாரிசுகள் கல்லிலே மரத்தைச் செதுக்கினார்கள். கும்பிட வருகிறவன் கண்ணுக்குக் கோயில் கோயிலாகத் தெரிய வேண்டுமல்லவா? மின்ட்டைச் செய்தவர்களும் அந்தச் சிற்பிகளின் தாயாதிகள் என்றே எனக்குத் தோன்றியது.

லினக்ஸ் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் அதன் கருவை எழுதினார். அதற்கு 8 வருஷம் முன்பே அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன், மென்பொருள் எல்லாருக்கும் சுதந்திரமாக இருக்கவேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கியிருந்தார். 2007ஐ ஒட்டித் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகங்களிலேயே லினக்ஸுக்கு மாறியது. அதே வருஷம் சென்னை ஸி-டாக்கிலிருந்து ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் வெளிவந்தது. 2011இல் ஆரம்பித்த இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க காலத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த யந்திரங்களில் விண்டோஸ், பாஸ் இரண்டும் இருந்தன. வேண்டிய கதவைத் திறந்துகொள்ளலாம். நான் பார்த்த பிள்ளைகள் அநேகமாக ஒரே கதவைத்தான் திறந்தார்கள்.

இப்படி இரண்டு கதவு வைப்பதும் இந்தக் கடற்கரைக்குப் பழக்கமான சமாசாரமே. சாளுவன்குப்பத்தில், புலிக்குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் தவற விடும் அதிரணசண்ட மண்டபத்தில், ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்த எழுத்து. எதிர்ச் சுவரில் நாகரி எழுத்து. இரண்டிலும் ஏறக்குறைய அதே சம்ஸ்கிருத சுலோகங்கள். தென்னாட்டான் வந்தாலும் வடநாட்டான் வந்தாலும் வெறுங்கையோடு போகக்கூடாது என்று அரசன் நினைத்தானோ என்னவோ!

இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் என் பழைய நாவல் ஒன்றைத் திறந்தேன். இருபது வருஷத்துக்கு முன், பாலாற்றங்கரைக் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதி, முடிக்காமல் வைத்திருந்தது. கையெழுத்துப் பிரதி கிடையாது, தட்டச்சு செய்ததுதான். திரை முழுவதும் ஆங்கில எழுத்துக்களும், தலையில் புள்ளியும் கோடும் சுமந்த ஐரோப்பிய எழுத்துக்களும் பரவிக் கிடந்தன. தமிழில் ஓர் எழுத்துகூட இல்லை. என் கதாநாயகி செல்லம்மாள் எந்த வரியில் இருக்கிறாள் என்றே எனக்குத் தெரியவில்லை. அடிவயிறு கலங்கியது.

காரணம் இதுதான். கம்ப்யூட்டர் ‘அ’னாவை அறியாது, எண்ணைத்தான் அறியும். 1990களில் எழுத்துக்களுக்கென்று இருந்தவை 256 இடங்கள். ஐரோப்பிய எழுத்துக்களுக்கு உரிய அந்த இடங்களில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி தமிழைக் குடியேற்றியது. 1999இல் அரசு ‘டாம்’, ‘டாப்’ என்று இரண்டு தரங்களை அறிவித்தது. 2010இல் யூனிகோடையும் ‘டேஸ் 16’ஐயும் ஏற்றது. என் நாவலோ இவை எதிலும் சேராத ஓர் எழுத்துருவில் இருந்தது. விற்ற கம்பெனியின் மென்பொருள் இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். அந்த மென்பொருள் புது வீட்டில் கால் வைக்க மறுத்தது. கம்பெனியோ எப்போதோ கடையைக் கட்டிவிட்டது.

மாமல்லபுரத்துப் பாறைகளுக்கும் ஒரு காலத்தில் இதே கதிதான். எழுத்து கண்முன் இருந்தது. படிக்க ஆள் இல்லை. பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டு, 1830இல் வெளியான கட்டுரையில் அவற்றைப் படித்துக் காட்டினார். சாமானிய மனிதரல்ல. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். பிறகு வைத்தியராகி, 1829இல் தொண்டைக்குள்ளே பார்க்கக் கண்ணாடிக் கருவி செய்தவர். பேசாத கல்லின் தொண்டையையும் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

எங்கள் தெருப் பையனும் பாபிங்டன் செய்ததைத்தான் செய்தான். நாவலின் முதல் அத்தியாயம் அச்சிட்ட தாளாக என்னிடம் இருந்தது. அதையும் திரையையும் பக்கத்தில் வைத்து, இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்று இருவரும் நான்கு மாலைகள் எழுதினோம். கொம்புதான் படாத பாடு படுத்தியது. பழைய முறையில் ‘செ’ என்றால் கொம்பு முதலில், ‘ச’ பின்னால். கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் ‘ச’ முதலில் வரவேண்டும், கொம்பு பின்னால். ஆயிரக்கணக்கான கொம்புகளை இடம் மாற்றும்படி அவன் ஒரு சிறு நிரல் எழுதி ஓட்டினான். “மாமா, இங்கே பாருங்க” என்றான். செல்லம்மாள் பித்தளைக் குடத்தோடு ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தாள்.

பதினான்கு அத்தியாயங்கள் இப்படித் திரும்பி வந்துவிட்டன. பதினைந்தாவதை வேறு ஏதோ எழுத்துருவில் தட்டியிருக்கிறேன். அதற்கு அச்சுத் தாளும் இல்லை. அடிக்கடி வரும் குறி ஒன்றை மெய்யெழுத்தின் புள்ளி என்று இருவரும் ஊகித்திருக்கிறோம். தீபாவளி விடுமுறைக்கு அவன் வந்ததும் அங்கிருந்து ஆரம்பிக்கவேண்டும்.