அரைத்த கதவு: நீரடைப்பின் வரலாற்றில் மறக்கப்பட்ட ஒரு பணி

அரபு மொழியில் வால்வுக்கு இன்று வழங்கும் சொல் 'ஸிமாம்' என்பதாகும். பழைய வழக்கில் அது குப்பியின் வாயை அடைக்கும் மூடியைக் குறித்தது. அதன் வேர்ச்சொல்லான 'ஸம்ம' அடைத்தலைச் சுட்டும். காது கேளாதவரை 'அஸம்ம்' என்பதும் அவ்வேரிலிருந்து பிறந்ததே. பெருங்குழாய்களில் வட்டத்தட்டு ஒன்று தன் தண்டின்மீது திரும்பி நீரை மறிக்கும் வால்வுக்கு ஆங்கிலேயர் பட்டாம்பூச்சியின் பெயரை இட்டனர். அரபியரும் அதனை 'ஸிமாமுல் ஃபராஷா' என்றே வழங்குகின்றனர். ஆனால் இவ்விரண்டினும் பழைமையான ஒரு சொல் உண்டு. நீரடைப்பின் உட்பொருளை அதுவே நன்கு உணர்த்துகிறது.

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா எனப்படும் முஹம்மத், அஹ்மத், அல்ஹஸன் ஆகிய சகோதரர் மூவர் 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலை இயற்றினர். ஏறத்தாழ நூறு கருவிகளை விளக்கும் அந்நூலில் கூம்பு வடிவ வால்வு மீண்டும் மீண்டும் வருகிறது. அதற்கு அவர்கள் தந்த பெயர் 'பாப் மத்ஹூன்', அதாவது அரைத்த கதவு. வடிவத்தையோ பயனையோ கூறாமல், செய்த வேலையையே பெயராக்கியுள்ளனர். கூம்பையும் அது அமரும் குழியையும் ஒன்றோடொன்று தேய்த்து, இடையில் நீர் புகாதவாறு இசைவிப்பதே அவ்வேலை.

மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின், ஆமித் நகரில் அர்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரீ தமது பெருநூலை 1206இல் நிறைவு செய்தார். இரட்டை உருளைப் பம்பு ஒன்றையும், நீர் பின்னோக்கி வாராது தடுக்கும் அதன் வால்வுகளையும் அவர் விவரிக்கிறார். வால்வையும் அதன் இருக்கையையும் குருந்தத்தூள் இட்டு அரைக்கும் முறையையும் அவர் விட்டுவிடவில்லை. (குருந்தம் என்னும் நம் தமிழ்ச்சொல்லே ஐரோப்பிய மொழிகளில் அக்கனிமத்திற்குப் பெயராயிற்று என்பது இடையே நினைக்கத்தக்கது.) வரலாற்று நூல்கள் அவருடைய யானைக் கடிகாரத்தை வியந்து போற்றுகின்றன. எம் கருத்தில், குருந்தத்தூளைப் பற்றிய அச்சிறு குறிப்பு அதனினும் பெரிது. கதவு நீரை நிறுத்துவதில்லை; கதவும் இருக்கையும் பொருந்தும் அந்த மெல்லிய வளையமே நிறுத்துகிறது.

இதே கூம்பு செங்கல்பட்டுச் சீமையின் ஏரிகளிலும் உண்டு. ஒருவரிடமிருந்து மற்றவர் பெற்றதாகக் கருத வேண்டியதில்லை. நீரின் இயல்பு எங்கும் ஒன்றே. ஏரியின் உட்புறம் நாட்டிய இரு கற்றூண்களுக்கிடையே, துளையிட்ட பலகைக்கல்லின்மேல் கூம்பிய மர அடைப்பு அமர்ந்திருக்கும். கழியால் அதனை உயர்த்தினால் தூம்பின் வழியே நீர் பாயும். மரம் உளுத்தாலோ, கல்லின் விளிம்பு தேய்ந்தாலோ, சருகு சிக்கினாலோ அடைப்பு முழுதும் அமராது. கோடையில் அந்த ஒழுகல் ஓர் ஊரின் பயிரையே காயச் செய்துவிடும். நீர்க்கட்டிகள் மூழ்கிக் குப்பையை அகற்றுவதும், வைக்கோலும் களிமண்ணும் இட்டு இடுக்கை அடைப்பதும் இதன்பொருட்டே. அருகிலுள்ள உத்திரமேரூரின் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் உறுப்பினர் தெரிவு செய்யப்பட்டதைப் பதிவு செய்கின்றன. ஏரியை வெட்டுதல் ஒருமுறை நிகழ்வது. அதனைக் காப்பதற்கு ஆண்டுதோறும் ஆள் வேண்டும் என்பதை அச்சபையார் அறிந்திருந்தனர்.

மதுராந்தகம் ஏரிக்கரையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செப்பனிட்ட கலெக்டர் லயனல் பிளேஸின் பெயர், ஏரிகாத்த இராமர் கோயில் கதையோடு சேர்ந்து இன்றும் வழங்குகிறது. கரைக்குக் கதை உண்டு. மதகின் அடைப்புக்குக் கதை இல்லை.

பட்டாம்பூச்சி வால்வு மேலைநாட்டில் முதலில் அடைப்பதற்காக ஆளப்படவில்லை. ஜேம்ஸ் வாட் தமது நீராவி எந்திரத்தில் ஆவியின் அளவை ஒழுங்குபடுத்தவே இத்தகைய தட்டைப் பயன்படுத்தினார். சிறிது கசிந்தாலும் அங்கே குறையில்லை. உலோகத்தட்டு உலோகக்குழாயில் முழுதும் பொருந்துவது அரிது. இருபதாம் நூற்றாண்டில் செயற்கை ரப்பர் வந்து, குழாயின் உட்புறத்தில் இருக்கையாக அமைந்த பின்னரே இது நம்பத்தகுந்த அடைப்பாயிற்று. குருந்தத்தூள் செய்த வேலையை ரப்பரின் நெகிழ்ச்சி ஏற்றுக்கொண்டது.

மாமல்லபுரத்துக் கடற்கரையில் இவ்வகை வால்வுக்கு உரிய பணி மிகுதி. கல்பாக்கத்தில் 1984இல் வணிக உற்பத்தி தொடங்கிய சென்னை அணுமின் நிலையம், கடலடிச் சுரங்கத்தின் வழியே குளிர்விக்கும் நீரைப் பெறுகிறது. நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை 2013இலும், 15 கோடி லிட்டருக்கான இரண்டாம் ஆலை 2024இலும் திறக்கப்பட்டன. சவ்வுகளுக்கு முன்னுள்ள உயரழுத்தப் பகுதிக்குப் பட்டாம்பூச்சி வால்வு ஏற்றதன்று; கடல்நீர் வரும் பெருங்குழாய்களும் குடிநீர் செல்லும் குழாய்களுமே அதன் இடம்.

கடல்நீர் ஏரிநீரைப் போன்று சாதுவானதன்று. கொட்டலசுகளும் பச்சை மட்டிகளும் குழாய்களில் ஒட்டி வளர்வது கல்பாக்கத்தில் நெடுங்காலமாக ஆராயப்பட்ட சிக்கல். குளோரின் இட்டே அவற்றை அடக்குகின்றனர். ஓர் ஓட்டுத்துண்டு தட்டுக்கும் ரப்பருக்கும் இடையில் சிக்கினால் போதும், மூடிய வால்வும் நீரைக் கடத்திக்கொண்டேயிருக்கும். தொழிலாளர் இதனைப் 'பாஸ் ஆகிறது' என்பர். அப்போது இழப்பது ஒழுகும் நீரை மட்டுமன்று. பம்பைக் கழற்ற வேண்டுமாயின் அதன் முன்னும் பின்னும் நீர் முற்றும் மறிபட வேண்டும். மறிக்கும் வால்வு பழுதானால் ஒரு பம்பின் பொருட்டு முழு வரிசையையே நிறுத்த நேரும்.

கைதேர்ந்தவர் உடனே சக்கரத்தை வலிந்து திருகுவதில்லை. அது ரப்பரைக் கிழிக்கும், தண்டை முறுக்கும். வால்வைச் சிறிதே திறந்து, இடுக்கில் விரைந்தோடும் நீரால் துகளை அடித்துச் செல்லவிட்டு மீண்டும் மூடிப் பார்ப்பர். பின்னும் கசிந்தால் பற்சக்கரப் பெட்டியின் நிறுத்தத் திருகைச் சோதிப்பர். தட்டு முழு மூடுநிலைக்கு ஓரிரு பாகை குறைவாக நின்றாலும் நீர் கடக்கும். தண்டின் வழியே சொட்டுமாயின், திணிப்பை அழுத்தும் நட்டுகளை இருபுறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குவர். ரப்பர் கெட்டிப்பட்டோ வெட்டுண்டோ இருந்தால், குழாயின் அழுத்தத்தை நீக்கி, நீரை வடித்த பின்னரே வால்வை இறக்கி இருக்கையை மாற்ற வேண்டும். ஈ.பி.டி.எம். ரப்பராயின் பெட்ரோலிய மசகு படலாகாது, அது ரப்பரை ஊதச் செய்யும். சிலிக்கோன் மசகே தக்கது. மீண்டும் பொருத்துகையில் தட்டைச் சற்றே திறந்த நிலையில், குழாய்வாயில் இடியாதவாறு வைத்து, மையம் பார்த்து முழுதும் திறந்து, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்குவர். வால்வு இருக்கும்போதே அருகில் வெல்டிங் செய்தால் புதிய ரப்பரும் கருகும்.

இவற்றுள் மிகுதியும் புறக்கணிக்கப்படுவது மிக எளிய பணியே. ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடக்கும் வால்வை அவ்வப்போது மூடித் திறந்து பழக்க வேண்டும். அசையாத தண்டில் உப்பு உறையும், தட்டில் சிப்பி குடியேறும். மூட வேண்டிய நாளில் அது மூடாது. ஆலையின் திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு; இப்பணிக்குப் பணிமுறைப் பதிவேட்டில் ஒரு வரியேனும் ஒதுக்கப்பட வேண்டும், அதனை எழுதுபவர் வால்வின் அருகே சென்று வந்தவராகவும் இருக்க வேண்டும்.