கரியும் கிளீனரும்

மடுல்சீமையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்கு இறங்கும் பழைய லொறி ஒன்றைப் பின்னாலிருந்து நோக்குங்கள். வண்டியின் நிறம் எதுவாயினும், புகைக்குழாயை அடுத்துள்ள பம்பர் மட்டும் கறுத்துத்தான் இருக்கும். அந்தக் கரியைத் துடைப்பதற்கென்றே ஒருவன் வண்டியில் இருக்கிறான். அவனுக்குக் கிளீனர் என்று பெயர். சரக்கு ஏற்றுவதும், சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும், வளைவுகளில் இறங்கி நின்று சைகை காட்டுவதும் அவன் வேலைதான். ஆயினும் பெயர் என்னவோ கழுவுவதிலிருந்தே வந்தது.

அப்பெயர் லொறியோடு பிறந்ததன்று. நீராவி எஞ்சின் காலத்துப் பிரித்தானியப் புகையிரதத் துறையில் 'கிளீனர்' என்பது ஒரு பதவி. எஞ்சின் கொட்டகையில் எண்ணெய் தோய்த்த பஞ்சுக் கழிவால் கரி துடைக்கும் இளைஞன், காலப்போக்கில் கரி அள்ளிப் போடுபவனாகி, இறுதியில் சாரதியாவான். துடைப்பது அங்கே ஏணியின் முதற்படி. அந்தச் சொல்லே பின்னர் நம் நாட்டு லொறிகளில் ஏறிக்கொண்டது என்பது என் எண்ணம். ஏணியை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

புகையிரதம் அப்புத்தளையை 1893 இலும், பண்டாரவளையை 1894 இலும் அடைந்தது. பதுளைக்கு வர 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாதையெங்கும் சுரங்கங்கள், அவற்றின் கூரைகளில் கரி படிந்தது. 1953 முதல் டீசல் எஞ்சின்கள் வந்தன. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கியவை 1954 இல் சேர்ந்தன. நீராவி போய்விட்டது. ஆனாலும் நாம் இன்றும் 'புகையிரதம்' என்றே எழுதுகிறோம். டீசலும் அப்பெயரைப் பொய்யாக்கவில்லை.

தண்டவாளம் பதுளையோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் மடுல்சீமைத் தோட்டங்களுக்கு உரமும் அரிசியும் ஏறுவதும், தேயிலைப் பெட்டிகள் இறங்குவதும் தெருவழியேதான். டாடா நிறுவனம் தனது முதல் ஏற்றுமதி லொறியை 1961 இல் அனுப்பியது இலங்கைக்கே என்பது பலர் மறந்துவிட்ட செய்தி.

மலைநாட்டு லொறி அதிகம் புகைவதற்குக் காரணம் உண்டு. ஏற்றத்தில் சாரதி மிதிக்க மிதிக்க எஞ்சினுக்குள் கூடுதல் டீசல் பாய்கிறது. அதனை முற்றாக எரிக்கப் போதிய காற்று இல்லை. ஆயிரம் மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. எரியாது எஞ்சுவதே கரி. அது வெறும் கரித்தூளன்று. எரியாத எண்ணெய் பூசிய நுண்துகள். சூட்டில் காய்ந்து அரக்குப்போல் இறுகிவிடும். ஆதலால் நீர் அதன்மேல் வழுக்கி ஓடுகிறது.

கைதேர்ந்த கிளீனர் முதலில் நீரூற்றி மணலைக் கழுவிவிடுவான். உலர்ந்த துணியால் தேய்த்தால் மணல் வண்ணப்பூச்சைக் கீறும். பிறகு, குழாய் நன்றாக ஆறிய பின், மண்ணெண்ணெய் நனைத்த துணியை ஒற்றி ஊறவிடுவான். எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். அதன் பின்னரே சவர்க்கார நீரும் தேங்காய்த் தும்பும். குரோம் பூசிய பம்பரைச் செங்கற்பொடியால் தேய்ப்பவன் பூச்சைத் தேய்த்துத் துருவுக்கு வாசல் திறக்கிறான். பழைய எஞ்சின் ஒயில் தடவி மினுக்குவோரும் உண்டு. அந்த ஒயிலின் கறுப்பும் கரிதானே! இக்காலப் பிளாஸ்டிக் பம்பருக்கு மண்ணெண்ணெய் ஆகாது, மங்கிவிடும்.

பம்பர் வெளுத்துவிடும். கையின் கதை வேறு. 1775 இல் லண்டன் சத்திர சிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்க்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என எழுதினார். ஒரு தொழிலையும் ஒரு புற்றுநோயையும் இணைத்துக் காட்டிய முதல் எழுத்து அதுவெனக் கருதப்படுகிறது. எட்டு வயதுக்குக் குறைந்த சிறுவரை அத்தொழிலில் அமர்த்தலாகாது என 1788 இல் சட்டம் வந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. சிறுவரை ஏற்றுவது உண்மையில் ஒழிய 1875 ஆகிவிட்டது. நூறு ஆண்டுகள்!

டீசல் விடயத்திலும் அவசரம் காட்டப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988 இல் டீசல் புகையைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாக இருக்கலாம் என்றது. சுரங்கத் தொழிலாளர், புகையிரதத் தொழிலாளர், லொறிச் சாரதிகள் மீதான ஆய்வுகளைப் பரிசீலித்து, 2012 ஜூனில் அது நுரையீரற் புற்றுநோயை விளைவிப்பது உறுதி என்றது. கிளீனரைத் தனியே எடுத்து அந்த அறிக்கை பேசவில்லை. ஆயினும், ஓடும் எஞ்சினுக்குப் பின்னால் நின்று 'வரட்டும், வரட்டும்' எனக் கையசைப்பவன் யார்?

பின்னோக்கி எடுக்கும்போது பக்கவாட்டில் நிற்பதற்கும், துடைக்குமுன் எஞ்சினை நிறுத்துவதற்கும் செலவில்லை. ஒரு சோடி இறப்பர்க் கையுறையும், உண்பதற்கு முன் சவர்க்காரமும் வண்டிக்காரர் கணக்கில் சேர வேண்டிய சிறு தொகை. வாகனப் புகைப் பரிசோதனை 2008 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சான்றிதழில் வண்டியின் இலக்கம் இருக்கும். எஞ்சினின் புகை அளவு இருக்கும். கிளீனரின் மார்பை அளப்பதற்கு அதில் இடமில்லை.