கேட்டவரும் கேள்வியும்: மாத்தளை மாவட்டத்தில் தலைவர்களின் வாதத்தைப் பார்த்தோர் வரலாறு

அரசியல் தலைவர்கள் தொலைக்காட்சியில் எதிரெதிரே அமர்ந்து வாதிடும் வழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் பேசியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்தப் பேச்சைக் கேட்டுத் தலையசைத்தவர், முகம் சுளித்தவர், மறுநாட் காலை வேலைக்களத்தில் அதை மீண்டும் எடுத்துப் பேசியவர் ஆகியோரின் பங்கு அதில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறுவதில்லை. இலங்கையின் மத்திய மாகாணத்தைச் சேர்ந்த மாத்தளை மாவட்டம் இந்தக் குறையை நன்கு உணர்த்தும் இடமாகும். தலைவர்கள் ஒரே மேடையில் சந்திக்காமலே தேர்தல்கள் நடந்து முடிந்த ஒரு நாட்டில், வாதத்தை நடத்தி முடிக்கும் பொறுப்பு பார்வையாளர்மீதே விழுந்தது என்பதையும், அப்பொறுப்பை ஏற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு நெடுங்காலம் வாக்கே இருக்கவில்லை என்பதையும் இம்மாவட்டத்தின் அனுபவம் காட்டுகிறது.

2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி மாத்தளை மாவட்டத்தின் மக்கள்தொகை 4,84,531 ஆகும். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் சிங்களவர். எஞ்சியோர் முஸ்லிம்களும், இலங்கைத் தமிழரும், மலையகத் தமிழருமாவர். வடக்கே தம்புள்ளை, கலேவெலைப் பகுதிகளில் குளத்துநீரை நம்பிய வேளாண்மையும், தெற்கே உக்குவளை, இறத்தோட்டை, எல்கடுவைப் பகுதிகளில் தேயிலை, இறப்பர், கொக்கோ, மிளகுத் தோட்டங்களும் பரந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், தம்புள்ளை வழியாகக் கால்நடையாக வந்து மலைநாட்டை அடைந்த வாயில் மாத்தளையே. ஆகவே ஒரு தலைவரின் பேச்சு இம்மாவட்டத்துக்கு வந்து சேரும்போது ஒரே வகையான கேட்போரை அது சந்திக்கவில்லை. மொழியாலும், தொழிலாலும், குடியுரிமை நிலையாலும் பிரிந்திருந்த பல அவைகளை ஒரே வேளையில் சந்தித்தது.

கேட்போர் கூடி வாதத்துக்குத் தீர்ப்பளிக்கும் வழக்கம் தொலைக்காட்சியோடு இந்நாட்டுக்கு வந்ததன்று. 1873ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26, 28ஆம் திகதிகளில் பாணந்துறையில் மீகெட்டுவத்தே குணானந்த தேரரும் கிறித்தவப் போதகர்களான டேவிட் டி சில்வா, சிறிமான்ன ஆகியோரும் நடத்திய சமய வாதத்தில், வெற்றி யாருக்கு என்று அறிவிக்கும் நடுவர் எவரும் அமர்த்தப்படவில்லை. திரண்டிருந்த கூட்டத்தின் ‘சாது, சாது’ என்னும் ஆரவாரமே தீர்ப்பாக நினைவில் நின்றது. தமிழ் மரபிலோ பட்டிமண்டபம், அதாவது சமயவாதிகளும் அறிஞரும் கூடி வழக்காடும் மன்றம், சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் குறிப்பிடப்படும் பழமையுடையது. அதன் இக்கால வடிவமான பட்டிமன்றத்தில் இறுதிச் சொல் நடுவருக்கே உரியது. கூட்டத்தின் ஆரவாரத்தால் முடிவாகும் வாதம், நடுவரின் தீர்ப்பால் முடிவாகும் வாதம் என்னும் இவ்விரு வடிவங்களும் மாத்தளையின் பார்வையாளருக்குத் திரை வருவதற்கு முன்பே பழகியவையாக இருந்தன.

வயது வந்தோர் அனைவருக்குமான வாக்குரிமை 1931இல் இலங்கைக்கு வந்தபோது, தேர்தல் பேச்சு மேடையிலிருந்தும் அச்சுத்தாளிலிருந்தும் பிறந்தது. 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் தோட்டங்களை எட்டியபோது, எழுத்தறிந்த ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் சுற்றியிருந்து கேட்பது வழக்கமாயிற்று. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரும் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையும் துண்டுப் பிரசுரங்களாலும் மேடைப் பாடல்களாலும் தோட்ட மக்களைத் திரட்டிய காலம் அது. பேச்சைக் கேட்டவர்கள் அதைப் பற்றிய தம் கருத்தை வெளியிட்ட இடம் பெரட்டுக்களம். காலையில் தொழிலாளரை வரிசைப்படுத்தி, பெயர் பதிந்து, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் திடலுக்கு மலையகத்தில் வழங்கும் பெயர் இது. தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணியின் காதுக்கு எட்டும் தூரத்தில் மௌனமும் எட்டாத தூரத்தில் பேச்சுமாக, கருத்துரைப்பதற்கே ஓர் அளவும் இடமும் அங்கே வகுக்கப்பட்டிருந்தன.

அந்தக் கருத்துக்கு அரசியல் எடை தந்திருந்த வாக்குச்சீட்டு மிக விரைவில் பறிக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இந்திய வம்சாவளியினரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டில் 7 தொகுதிகளை வென்றது. அதற்கு அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தொழிலாளரில் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1949இல் திருத்தப்பட்ட தேர்தல் சட்டம் அவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்தும் நீக்கியது. நாடற்றவர் என்பது எந்த நாட்டின் பிரஜையாகவும் ஏற்கப்படாதவரைக் குறிக்கும் சட்டச் சொல். ரேடியோ சிலோன் என்ற பெயரில் இலங்கை வானொலி புதிய உருப்பெற்றதும் அதே 1949ஆம் ஆண்டில்தான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. தலைவர்களின் குரல் லயத்தின், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட தோட்டக் குடியிருப்பின், வாசல்வரை வந்து சேர்ந்த காலத்தில், அக்குரலுக்கு மறுமொழி சொல்லும் உரிமை அந்த வாசலில் இருந்தவரிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது. தேர்தல் இரவுகளில், பாடல்களுக்கு இடையிடையே தொகுதி முடிவுகள் ஒலிபரப்பாகும்வரை விழித்திருந்த குடும்பங்களில், கேட்கும் ஆர்வம் மட்டும் இருந்து வாக்கில்லாதோர் பலர்.

தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி நிறுவனத்தோடும், 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி யப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினியோடும் வந்தது. ரூபவாஹினியின் முதன்மை அலைபரப்பி நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையில் நிறுவப்பட்டது. ஆயினும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரப் பள்ளங்களில் படம் தெளிவது மலை எங்கே மறைக்கிறது என்பதைப் பொறுத்திருந்தது. மூங்கில் கழியின் உச்சியில் அன்டனாவைக் கட்டி, ஒருவர் வெளியே நின்று அதைத் திருப்ப, மற்றொருவர் உள்ளிருந்து “வந்திட்டுது, இல்ல, போயிட்டுது” என்று குரல் கொடுப்பதே அந்நாளைய நிகழ்ச்சிகளின் முன்னுரையாயிற்று. தொழிற்சாலைக்கு மின்சாரம் இருந்தபோதும் பெரும்பாலான லயங்களுக்கு அது நெடுநாள் எட்டவில்லை. ஆதலால் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் 12 வோல்ற் கார் பற்றரியில் இயங்கின. பற்றரியை நகரத்துக்குச் சுமந்து சென்று, காசு கொடுத்து மின்னேற்றி, மீண்டும் சுமந்து வர வேண்டியிருந்ததால், எந்த நிகழ்ச்சிக்கு அதைச் செலவிடுவது என்பதே ஒரு கூட்டு முடிவாக இருந்தது. படம் சுருங்கித் திரையின் ஓரங்கள் கறுக்கத் தொடங்கினால், பேசுபவர் எவராயினும் அவருக்குரிய நேரம் முடிந்தது என்பது பொருள். ஒரு பெட்டியைச் சுற்றி ஒரு லயமே கூடியிருந்தமையால், தலைவர்களின் முகத்தைப் பார்த்து எழுந்த எதிர்வினை தனியொருவரின் எண்ணமாகத் தங்காமல் அங்கேயே பலர் நடுவில் உரைக்கப்பட்டது.

1982ஆம் ஆண்டு ஒக்ரோபர் 20ஆம் திகதி நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. ஜே. ஆர். ஜயவர்தன, ஹெக்டர் கொப்பேகடுவ, ரோஹண விஜேவீர, குமார் பொன்னம்பலம், கொல்வின் ஆர். டி சில்வா, வாசுதேவ நாணயக்கார ஆகிய அறுவர் போட்டியிட்டனர். 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டம் அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வேட்பாளர்கள் பேசுவதற்கு நேரம் ஒதுக்கியது. இந்த ஏற்பாட்டின் அமைப்பே பார்வையாளரின் பணியைத் தீர்மானித்தது. ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து, தனித்தனியே பேசி அகன்றனர். ஒருவர் சொன்னதை மற்றவர் அங்கேயே மறுக்கவோ, குறுக்குக் கேள்வி கேட்கவோ வழியில்லை. நேற்றுப் பேசியவரின் கூற்றை நினைவில் வைத்து, இன்று பேசுபவரின் கூற்றோடு ஒட்டியும் வெட்டியும் பார்த்து, அரிசி விலையையும் நாட்கூலியையும் உரைகல்லாகக் கொண்டு மதிப்பிடும் வேலை பெட்டிக்கு முன்னால் இருந்தவர்களுக்கு விடப்பட்டது. ஜயவர்தன 52.91 விழுக்காடு வாக்குகளைப் பெற்று வென்றார். அவருக்கு ஆதரவளித்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போது அமைச்சராகவும் இருந்தார். ஆயினும் நாடற்றோரின் குடியுரிமை குறித்து இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் விண்ணப்பித்துக் காத்திருந்த ஏராளமான தொழிலாளருக்கு, தாம் கேட்ட பேச்சுகளை எடைபோட்டுச் சீட்டில் புள்ளடியிடும் வாய்ப்பு அன்றும் வாய்க்கவில்லை. நாடற்றோர் நிலையை முடித்துவைக்க 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்துச் சட்டங்கள் வேண்டியிருந்தன.

எதிர்வினை என்பது எப்போதும் உரத்த குரலாக இருந்ததில்லை என்பதையும் இம்மாவட்டத்தின் வரலாறு பதிவு செய்கிறது. 1983 ஜூலை வன்முறை மாத்தளை நகரத் தமிழரையும் தாக்கியது. தொடர்ந்து 1987 முதல் 1989 வரை மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சியும் அரசின் அடக்குமுறையும் மாவட்டத்தின் சிங்கள இளைஞரைப் பெருமளவில் பலிகொண்டன. தேர்தலைப் புறக்கணிக்கும்படி மிரட்டல் நிலவிய சூழலில் நடந்த 1988ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே வாக்களித்தனர். தலைவரின் முகம் திரையில் தோன்றும்போது கருத்துச் சொல்லாதிருப்பதே உயிருக்குக் காவலாக இருந்த அந்த ஆண்டுகளின் மௌனத்தை அக்கறையின்மை என்று எண்ணுவது, அதை அனுபவித்த இரு இனத்தவருக்கும் இழைக்கும் அநீதியாகும்.

தலைவர்கள் தொலைக்காட்சியில் எதிரெதிரே வாதிடும் வழக்கம் வெளிநாடுகளில் வேறு பாதையில் வளர்ந்தது. அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் திகதி கென்னடியும் நிக்சனும் நடத்திய முதலாவது தொலைக்காட்சி வாதத்தை ஏறத்தாழ ஏழு கோடிப் பேர் பார்த்தனர். வானொலியில் கேட்டவர்கள் நிக்சனையும் திரையில் பார்த்தவர்கள் கென்னடியையும் வெற்றியாளராகக் கருதினர் என்னும் புகழ்பெற்ற கூற்று மிகச் சிறிய ஆய்வொன்றை ஆதாரமாகக் கொண்டமையால் அறிஞர் பலர் அதனை ஐயத்தோடே நோக்குகின்றனர். அந்தத் தேர்தலின் வாதங்களுக்குப் பின், அங்கும் பிரதான ஜனாதிபதி வேட்பாளரின் அடுத்த வாதம் 1976 வரை நடைபெறவில்லை. பிரித்தானியாவில் பிரதமர் பதவிக்குப் போட்டியிட்டோரின் முதல் வாதம் 2010 ஏப்ரல் 15ஆம் திகதிதான் நிகழ்ந்தது. மக்களாட்சியில் மூத்த நாடுகளிலும் தலைவர்கள் தாமாக விரும்பி இம்மேடைக்கு வந்துவிடவில்லை என்பது இதனால் விளங்கும்.

தனியார் அலைவரிசைகளின் வருகை மாத்தளைத் தமிழ்ப் பார்வையாளரின் நிலையை ஓரளவு மாற்றியது. 1998இல் தொடங்கிய சக்தி தொலைக்காட்சியில் ஜே. ஸ்ரீரங்கா நடத்திய ‘மின்னல்’ நிகழ்ச்சி, தமிழ்பேசும் அரசியல்வாதிகளை ஒரே மேசையில் அமர்த்திக் கேள்விகேட்டது. அதை நடத்தியவரே 2010இல் நுவரெலியா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றமை அத்தகைய நிகழ்ச்சிகள் மலையகத்தில் பெற்றிருந்த செல்வாக்கை உணர்த்தும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் லயக் கூரைகளின்மேல் வட்டத்தட்டு அன்டனாக்கள் பெருகவே, சாலமன் பாப்பையா நடுவராக அமர்ந்த சன் தொலைக்காட்சிப் பட்டிமன்றங்களும் பண்டிகைநாட் காலைகளில் வீட்டுக்குள் வந்தன. பட்டிமன்றத்துக்குப் பழகிய கண், அரசியல் வாதத்திலும் ஒரு தீர்ப்பை எதிர்பார்ப்பது இயல்பே. அரசியல் வாதத்தின் நெறியாளரோ நேரத்தைப் பிரித்துக் கொடுப்பவரே ஒழியத் தீர்ப்புச் சொல்பவரல்லர். அந்த வெற்றிடத்தில் பார்வையாளரே நடுவராகிறார். “இவர் கேட்டதுக்கு அவர் பதிலே சொல்லல்லையே” என்று தேநீர்க்கடையில் ஒருவர் சொல்வது, பார்த்ததைச் சொல்வதோடு நில்லாமல் தீர்ப்பின் முதல் வரியாகவும் அமைகிறது.

எனினும் நாட்டின் உச்சப் பதவிக்குப் போட்டியிட்ட முதன்மையாளரின் நேரடி வாதத்தைத் தீர்த்துவைக்கும் வாய்ப்பு அப்பார்வையாளருக்கு அண்மைக்காலத்திலும் கிட்டவில்லை. 2019ஆம் ஆண்டில் சஜித் பிரேமதாச விடுத்த அறைகூவலை கோட்டாபய ராஜபக்ஷ ஏற்கவில்லை. 2024 மே, ஜூன் மாதங்களில் சஜித் பிரேமதாசவுக்கும் அநுர குமார திசாநாயக்கவுக்கும் இடையிலான வாதத்துக்குத் திகதிகள் மாறி மாறி முன்வைக்கப்பட்டும் இருவரும் எதிரெதிரே அமரவில்லை. அவர்களுள் பின்னவர் மாத்தளை மாவட்டத்தின் கலேவெலையை அடுத்த தேவஹுவ கிராமத்தில் பிறந்தவர் என்பதால், நடக்காத அந்த வாதம் இம்மாவட்டத்தாருக்குத் தனிப்பட்ட ஈர்ப்பும் உடையது. செப்டெம்பர் 21ஆம் திகதித் தேர்தலில் எவரும் 50 விழுக்காட்டைத் தாண்டாமையால், வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டு அநுர குமார திசாநாயக்க வென்றார். வேட்பாளர்களை ஒப்பிட்டு விருப்புவரிசையில் குறிக்கும் வழி வாக்குமுறையிலேயே அமைந்துள்ள ஒரு நாட்டில், அவர்களை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வாக்காளருக்கு மறுக்கப்படுவது ஆழ்ந்த குறைபாடாகும்.

அத்தகைய வாதம் நாளை நடந்தாலும், அது எம்மொழியில் நடக்கும் என்ற வினா எஞ்சியே நிற்கும். தேசிய அளவிலான அரசியல் உரையாடல் பெரிதும் சிங்களத்தில் நிகழ்வதால், எல்கடுவையின் லயமொன்றில் அதைப் பார்க்கும் முதியவர் பெரும்பாலும் பேரப்பிள்ளையின் வாய்வழியாகவே அதைப் பெறுகிறார். பாடசாலையில் சிங்களம் கற்ற பிள்ளை சுருக்கிச் சொல்வது, முகபாவத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் வைத்து முதியவர் ஊகித்தறிவது ஆகிய இரண்டும் சேர்ந்தே அங்கே தீர்ப்பு உருவாகிறது. அந்தப் பிள்ளை விட்டுவிட்ட ஒரு சொல்லில் சம்பள உயர்வோ காணியுரிமையோ பற்றிய வாக்குறுதி அடங்கியிருக்கக்கூடும்.

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல் செவியால் பெறும் அறிவையும் வினாவையும் ஒருங்கே குறிக்கும். திருக்குறளின் 42ஆம் அதிகாரம் முதற்பொருளுக்கே உரியது. மாத்தளையின் தோட்ட மக்கள் முதற்பொருளிலான கேள்வியை வாசிக்கப்பட்ட செய்தித்தாளிலும், வானொலியிலும், பற்றரியில் ஓடிய திரையிலும் தலைமுறை தலைமுறையாகக் குறைவறச் செய்து வந்துள்ளனர். இரண்டாம் பொருளிலான கேள்வியை உரியவரின் முகத்துக்கு நேரே எழுப்பும் இடமே அவர்களுக்கு அமையவில்லை. தலைவர்கள் பேசிய பேச்சுகள் அரச ஒலி, ஒளி நிறுவனங்களின் சேமிப்பில் இருக்க, அவற்றைக் கேட்டவர்கள் சொன்ன மறுமொழிகள் பற்றரி சுமந்த தலைமுறையின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அத்தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்களின் நினைவுகளைப் பாடசாலைகளும் நூலகங்களும் இப்போதே கேட்டுப் பதிவுசெய்யாவிட்டால், இந்நாட்டின் அரசியல் வாதங்களுக்கு அவர்கள் வழங்கிய தீர்ப்பு எவருக்கும் தெரியாமலே போய்விடும்.