கடலைக் கடக்காத யாத்திரிகர்

செங்கற்பட்டில் ரயிலை விட்டு இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஏறினால், முதுகில் பெரிய மூட்டையைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டு வாலிபன் ஒருவனையோ யுவதி ஒருத்தியையோ அநேகமாகப் பார்க்கலாம். துணைக்கு ஆள் கிடையாது. பாஷை தெரியாது. கண்டக்டர் எது சொன்னாலும் சிரித்துத் தலையை ஆட்டுவார்கள். "பெற்றவர்கள் எப்படித்தான் அனுப்பினார்களோ!" என்று பக்கத்து ஆசனத்து அம்மாள் பெருமூச்சு விடுவதும் காதில் விழும்.

இந்த ரகத்துப் பிரயாணிகளுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் சுமார் 1,380 ஆண்டுகளுக்கு முன் இதே பாலாற்றங்கரைச் சீமைக்கு வந்தார். சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கைத்தான் சொல்கிறேன். அவர் மாமல்லபுரத்தில் கப்பலிலிருந்து இறங்கினார் என்று சொல்பவர்கள் உண்டு. 2019-ஆம் வருஷம் சீன அதிபர் ஷி ஜின்பிங் அங்கே வந்தபோது இந்தப் பேச்சு மறுபடியும் கிளம்பியது. அழகான கற்பனைதான்; என் போன்ற கதாசிரியர்களுக்கு மிகவும் உபயோகப்படும். ஆனால் அவர் வந்தது தரை மார்க்கமாக. கப்பல் ஏறத்தான் வந்தார், ஏறாமலே திரும்பினார்.

முதலில் அவர் வீட்டை விட்டுக் கிளம்பிய கதையைப் பார்ப்போம். 629-ஆம் ஆண்டில் அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. சீன தேசத்தில் கிடைத்த பௌத்த நூல்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. மூல நூல்களைத் தேடிப் பாரத தேசத்துக்கே போய்விடுவது என்று தீர்மானித்தார். குடிமக்கள் எல்லை தாண்டக்கூடாது என்று சக்கரவர்த்தியின் உத்தரவு. பாஸ்போர்ட் கிடைக்காதவனுடைய நிலைமைதான். அவரைப் பிடிக்கச் சொல்லி எல்லைப்புற ஊருக்கு ஓலையே வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து காட்டிய அதிகாரி, அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டுவிட்டு, "சீக்கிரம் போய்விடுங்கள்" என்றாராம். எல்லாக் காலத்திலும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களில் இப்படி ஒருவர் இருந்துவிடுகிறார்.

வழிகாட்டுகிறேன் என்று வந்த ஆள் நடு இரவில் கத்தியை உருவிக்கொண்டு நெருங்கி வந்தான். என்ன நினைத்தானோ, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் கழன்றும் கொண்டான். மிஞ்சியது ஒரு கிழட்டுச் சிவப்புக் குதிரை. மிருகங்களின் எலும்புகளையும் சாணத்தையும் அடையாளமாக வைத்துக்கொண்டு யுவான் சுவாங் பாலைவனத்தில் தனியாகப் புகுந்தார். காவல் கோபுரத்திலிருந்து வந்த அம்பு முழங்காலை உரசாத குறையாகப் போயிற்று. பிறகு வழி தவறியது. குடிக்க எடுத்த தோல் பை கைநழுவி, இருந்த தண்ணீரெல்லாம் மணலில் கொட்டிவிட்டது.

அப்போது அவர் திரும்பினார். பத்து லீ தூரம், அதாவது மூன்று மைலுக்கு மேல், வந்த வழியே நடந்தார். பாரத தேசத்தை அடையாமல் கிழக்கே ஓர் அடியும் வைப்பதில்லை என்று செய்த பிரதிக்ஞை நினைவுக்கு வந்தது. குதிரையின் முகத்தை மறுபடி மேற்கே திருப்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசியில் அந்தக் கிழக் குதிரைதான் தானாக வேறு வழியே திரும்பி, புல்லும் குளமும் இருந்த இடத்துக்கு அவரைக் கொண்டு சேர்த்தது.

பிற்பாடு ராஜாக்கள் பரிவாரமும் பொன்னும் கொடுத்ததையும், நாளந்தாவில் அவர் படித்ததையும் சரித்திரப் பாடப் புத்தகத்தில் வாசித்திருப்பீர்கள். நாம் வங்காளத்துத் தாமிரலிப்தித் துறைமுகத்துக்கு வருவோம். அங்கிருந்து இலங்கைக்குக் கப்பல் ஏற நினைத்தார். தென்னாட்டுப் பிக்ஷு ஒருவர் தடுத்தார்: "அவ்வளவு தூரம் கடலில் போகாதீர்; புயல் பொல்லாதது. தரை வழியே தெற்கே போனால் அங்கிருந்து மூன்றே நாள் கடல்." பிரயாணத்தில் இப்படிப்பட்ட ஒரு யோசனைக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் தகும். அந்தப் பிக்ஷுவின் பெயர் ஏட்டில் இல்லை. கலிங்கம், ஆந்திரம் என்று இறங்கி 640-ஆம் ஆண்டையொட்டிக் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். காஞ்சியும் நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த ஊர்தானே!

நூற்றுக்கு மேற்பட்ட விஹாரங்கள், பதினாயிரம் பிக்ஷுக்கள், எண்பது தேவாலயங்கள், ஏராளமான சமணர்கள் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். மக்கள் தைரியசாலிகள், சத்தியத்தில் பற்றுள்ளவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்று நற்சாட்சியும் கொடுத்திருக்கிறார். ஹர்ஷரையும் புலிகேசியையும் பெயர் சொல்லி எழுதியவர், அப்போது காஞ்சியை ஆண்ட நரசிம்மவர்மனின் பெயரை மட்டும் எழுதவில்லை. 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு இது கொஞ்சம் மனக்குறைதான்.

ஆனால் காஞ்சியில் பிறந்த ஒரு பையனைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மந்திரி மகன், ராஜாவின் பெண்ணைக் கொடுப்பதாக நிச்சயமாகிவிட்டது. கல்யாண இரவில் புத்தர் சிலைக்கு முன் அழுது வேண்டினானாம். ஒரு தெய்வம் அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தொலைதூரத்து மலை விஹாரத்தில் விட்டதாம். தெய்வம் தூக்கியதோ, தானே ஓடினானோ, அவன்தான் பின்னால் நாளந்தாவில் பெரும் ஆசாரியராக விளங்கிய தர்மபாலர். அவருடைய சிஷ்யர் சீலபத்திரர். யுவான் சுவாங் நாளந்தாவை அடைந்தபோது சீலபத்திரருக்கு வயது 106 என்கிறார்கள். அவரே யுவான் சுவாங்குக்கு யோக சாஸ்திரம் சொல்லிக் கொடுத்த குரு. ஆகவே காஞ்சிக்கு வந்தவர், குருவின் குரு வீட்டை விட்டு ஓடிப்போன ஊரைத்தான் பார்த்தார்.

இனி மூன்று நாள் கடல். அவருடைய வரலாற்றை எழுதிய ஹுய்லீ, காஞ்சியே இலங்கைக்குப் போகும் துறைமுகம் என்கிறார். காஞ்சியில் ஏது கடல்? நகரத்தின் கடல் வாசல் சுமார் 40 மைல் தள்ளி மாமல்லபுரத்தில் இருந்தது. அடுத்த நூற்றாண்டில் திருமங்கையாழ்வார் அங்கே சரக்குக் கலங்கள் நெருங்கி நின்றதைப் பாடியிருக்கிறார். இலங்கை இளவரசன் மானவர்மனுக்காக நரசிம்மவர்மன் கப்பலில் படை அனுப்பியதை மகாவம்சம் சொல்லுகிறது.

யுவான் சுவாங் கப்பலுக்கு ஆயத்தமாகும்போது எதிர்த் திசையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இலங்கைப் பிக்ஷுக்கள், சுமார் முந்நூறு பேர். "அங்கே அரசர் இறந்துவிட்டார், பஞ்சம், சோறில்லை" என்றார்கள். பஞ்சத்துக்குப் பயந்தா அவர் நின்றார்? தண்ணீரில்லாமல் ஐந்து நாள் கிடந்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்தவர்களில் படித்தவர்களை உட்கார வைத்து யோக சாஸ்திரத்தில் கேள்வி கேட்டார். சீலபத்திரர் சொன்னதற்கு மேல் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. தேடி வந்தது அக்கரையில் இல்லை என்று தெரிந்துபோயிற்று.

பாலைவனத்தில் மூன்று மைல் பின்வாங்கியதற்கே வெட்கப்பட்ட மனிதர், தென்னாடு முழுவதும் கடந்து கடல் வாசலுக்கு வந்து, வருத்தம் எதையும் காட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் தடவை ஊரை விட்டுக் கிளம்பிய இளைஞனால் இது முடிந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பத்து வருஷம் அந்நிய மண்ணில் அலைந்திருக்க வேண்டும்.

அவர் அடுத்துச் சென்றது வடமேற்கே. புலிகேசியின் நாடும் அந்தத் திக்கில்தான். இரண்டொரு வருஷத்தில், 642-இல், நரசிம்மவர்மனின் படை அதே திசையில் வாதாபிக்குப் போயிற்று. யுவான் சுவாங்கோ புண்ணிய ஸ்தலங்களைத் தரிசிக்கத்தான் புறப்பட்டார். இம்முறை தனியாக அல்ல. இலங்கையிலிருந்து வந்த பிக்ஷுக்களில் எழுபது பேருக்கு மேல் அவருடன் கிளம்பினார்கள்.