நாலெழுத்துப் பூட்டு

வீட்டுக்குப் பூட்டு போடுவோம். பீரோவுக்குப் பூட்டு போடுவோம். ஆனால் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்த பொருளுக்கு, விற்றவரே ஒரு பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால்? அப்படி ஒரு பூட்டு இருந்தது. பிள்ளைகள் விளையாடும் வீடியோ கேம் பெட்டியில். அந்தப் பூட்டு கோர்ட் படியேறிய கதைதான் இது.

முதலில் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 1976 நவம்பர். அமெரிக்காவில் ஃபேர்சைல்ட் என்ற சிப் கம்பெனி, 'சேனல் எஃப்' என்ற வீடியோ கேம் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை வந்த பெரும்பாலான பெட்டிகளில் ஆட்டங்கள் உள்ளேயே பதிந்திருக்கும். அலுத்துப்போனால் பெட்டியைப் பரணில் ஏற்ற வேண்டியதுதான். இதில் ஆட்டம் தனி, பெட்டி தனி. பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு மெமரி சிப். அதைச் செருகினால் ஆட்டம் ரெடி. வேறு ஆட்டம் வேண்டுமா? உருவிவிட்டு இன்னொன்றைச் செருகு. ஜெர்ரி லாசன் என்ற கறுப்பின இன்ஜினீயரின் தலைமையில் உருவான பெட்டி அது. பிற்பாடு நம் ஊர்ப் பிள்ளைகள் 'கேசட்' என்று சொன்னார்களே, அந்த கார்ட்ரிட்ஜ் கடைக்கு வந்தது இப்படித்தான்.

அடுத்த வருடமே அடாரி கம்பெனி இதே பாணியில் ஒரு பெட்டியை இறக்கியது. சக்கைப்போடு போட்டது. ஆனால், ஆட்டங்களை எழுதிய புரோகிராமர்களுக்கு மனக்குறை. கம்பெனி கோடிகளில் புரள்கிறது. எழுதியவன் பெயர்கூட அட்டையில் கிடையாதே! 1979-ல் நாலு பேர் கிளம்பிவிட்டார்கள். ஆலன் மில்லர், பாப் வொயிட்ஹெட், டேவிட் கிரேன், லாரி கப்லான். 'ஆக்டிவிஷன்' என்ற கம்பெனி பிறந்தது. அடாரி பெட்டியில் ஓடும் ஆட்டங்களைத் தாங்களே தயாரித்து விற்றார்கள். அடாரி சும்மா இருக்குமா? கேஸ் போட்டது. 1982-ல் ராயல்டி கொடுப்பதாகப் பேசி சமரசம் ஆனது. இந்த நால்வரில் முதல் இரண்டு பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வருவார்கள்.

கதவு திறந்தாச்சு. யார் யாரோ உள்ளே புகுந்தார்கள். நல்ல ஆட்டங்களும் வந்தன, குப்பையும் வந்து குவிந்தது. 1983-ல் அமெரிக்க வீடியோ கேம் மார்க்கெட் தடாலென்று சரிந்தது. காரணங்கள் பல. கணக்கு வழக்கில்லாமல் வந்த மட்டமான ஆட்டங்களும் அதில் ஒன்று. விற்காத கார்ட்ரிட்ஜ்களை அடாரி லாரியில் ஏற்றி, நியூ மெக்ஸிகோவில் ஒரு குப்பைமேட்டில் புதைத்தது. 2014-ல் அவற்றைத் தோண்டி எடுத்தார்கள் என்பது தனிக்கதை.

இதையெல்லாம் ஜப்பானிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது நின்டெண்டோ. 1983-ல் தன் ஊரில் 'ஃபேமிகாம்' பெட்டியை வெளியிட்டபோது அதில் பூட்டு எதுவும் இல்லை. ஆனால் 1985-ல் அதையே உருமாற்றி அமெரிக்காவுக்கு அனுப்பியபோது உஷாராகிவிட்டது. பெட்டிக்குள் ஒரு சிப். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் அதற்கு ஜோடியாக இன்னொன்று. இரண்டும் ஓயாமல் ரகசிய சங்கேதம் பேசிக்கொண்டே இருக்கும். பேச்சு பிசகினால் பெட்டி திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். திரை கண் சிமிட்டும். செருகும் இடத்தில் அழுக்கேறினால் அசல் கார்ட்ரிட்ஜுக்கும் இதே கதிதான். பிள்ளைகள் அதை உருவி, 'உஃப்' என்று ஊதிச் செருகினார்கள்.

சாவி வேண்டுமென்றால் நின்டெண்டோ வைத்த நிபந்தனைகளுக்குத் தலையாட்ட வேண்டும். கார்ட்ரிட்ஜை நின்டெண்டோதான் தயாரித்துத் தரும். வருடத்துக்கு 5 ஆட்டங்கள்தான். அதே ஆட்டத்தை 2 வருடங்களுக்கு வேறு கம்பெனிப் பெட்டிக்குக் கொடுக்கக் கூடாது. தரத்தைக் காக்கப் போட்ட பூட்டு என்றது கம்பெனி. உண்மையும் இருந்தது. ஆனால், கல்லாவையும் சேர்த்துத்தான் காத்தது.

பூட்டில்லாத ஜப்பான் பெட்டி என்ன ஆச்சு? தைவானிலும் சீனாவிலும் அதைக் காப்பியடித்துத் தள்ளினார்கள். 1990-களில் நம் ஊர் பஜார்களில் வாங்கிய வீடியோ கேம் பெட்டிகளில் பல அதன் வாரிசுகள்தான். அதற்கு 60 பின் கார்ட்ரிட்ஜ். அமெரிக்கப் பெட்டிக்கு 72 பின். ஒன்று இன்னொன்றில் நுழையவே நுழையாது.

அமெரிக்காவில் பூட்டைத் திறக்கப் பலரும் முயன்றார்கள். பழைய அடாரியிலிருந்து பிரிந்த 'அடாரி கேம்ஸ்' கம்பெனி செய்தது குறுக்குவழி. காப்புரிமை அலுவலகத்தில் பொய்க் காரணம் சொல்லி, நின்டெண்டோ அங்கே பதிவு செய்திருந்த சங்கேத புரோகிராமின் நகலை வாங்கிவிட்டது. கோர்ட்டில் மாட்டியது. 1992 செப்டம்பரில் அப்பீலிலும் அடி வாங்கியது.

இப்போது நம் பழைய ஆசாமிகள் வருகிறார்கள். மில்லரும் வொயிட்ஹெட்டும் 1984-ல் 'அக்கோலேட்' என்ற இன்னொரு கம்பெனியை ஆரம்பித்திருந்தார்கள். 1989-ல் சேகா கம்பெனியின் 'ஜெனிஸிஸ்' பெட்டி அமெரிக்காவுக்கு வந்தது. அதற்கு ஆட்டம் எழுத ஆசை. லைசென்ஸ் கேட்டுப் பேசினார்கள். 'எல்லா ஆட்டத்தையும் நாங்களே தயாரித்துத் தருவோம்' என்றது சேகா. ஒத்துவரவில்லை. பொய் சொல்லவில்லை, திருடவில்லை. கடையில் பெட்டியும் கார்ட்ரிட்ஜும் வாங்கினார்கள். உள்ளே இருக்கும் புரோகிராமைப் பிரித்துப் படித்து, பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று குறிப்பெடுத்தார்கள். பிறகு சொந்தமாக எழுதினார்கள்.

1991 ஜனவரியில் ஒரு கண்காட்சி. சேகாவின் புதிய ஜெனிஸிஸ் பெட்டி. அதில் அக்கோலேட்டின் 'இஷிடோ' ஆட்டம் ஓடவில்லை! பார்த்தால், புதிதாக ஒரு பூட்டு. கார்ட்ரிட்ஜில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எஸ், ஈ, ஜி, ஏ என்ற நாலு எழுத்து இருக்க வேண்டும். இருந்தால் கதவு திறக்கும். கூடவே 'சேகா தயாரித்தது அல்லது சேகாவின் லைசென்ஸ் பெற்றது' என்று திரையில் எழுத்து ஓடும். ரொம்பக் கில்லாடித்தனம். எழுத்தைப் போடாவிட்டால் ஆட்டம் ஓடாது. போட்டால் 'எங்கள் பெயரைத் திருடிவிட்டாய்' என்று கேஸ்.

அக்கோலேட் போட்டது. 20, 25 பைட் சமாசாரம், அவ்வளவுதான். 1991 அக்டோபரில் சேகா கேஸ் போட்டது. 1992 ஏப்ரலில் கீழ்க்கோர்ட் தடை விதித்து, கடைகளில் இருக்கும் சரக்கையும் திரும்ப வாங்கச் சொன்னது. ஒரு சின்னக் கம்பெனிக்கு இது மூச்சை நிறுத்துகிற உத்தரவு.

ஆகஸ்டில் அப்பீல் கோர்ட் தடையை நீக்கியது. அக்டோபரில் நீதிபதி ஸ்டீபன் ரெய்ன்ஹார்ட் விரிவான தீர்ப்பை எழுதினார். பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று அறிய வேறு வழியே இல்லாதபோது, அதற்காகப் பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடுதான். திரையில் தப்பான எழுத்து ஓடுகிறதே? அந்தக் குழப்பத்தை உண்டாக்கியது சேகாவின் பூட்டேதான். அம்புட்டுதான்! 1993 ஏப்ரலில் இரு தரப்பும் சமரசம். வேடிக்கை என்னவென்றால், ஜெயித்த அக்கோலேட் கடைசியில் சேகாவின் லைசென்ஸ்தாரர் ஆகிவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பூட்டைப் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் கோர்ட் சொன்னது. பூட்டே போடாதே என்று சொல்லவில்லை. எனவே பூட்டு போடுவது நிற்கவில்லை. 1998-ல் அமெரிக்காவில் வந்த சட்டம் ஒன்று டிஜிட்டல் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. ஒன்றோடொன்று பொருந்தும் புரோகிராம் எழுதுவோருக்கு மட்டும் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்தது. 2004-ல் பிரின்டர் டோனருக்குள் சிப் வைத்த லெக்ஸ்மார்க் கம்பெனி, அதற்கு மாற்று சிப் செய்தவர்களை அந்தச் சட்டத்தைக் காட்டி மடக்கப் பார்த்து, அப்பீலில் கோட்டை விட்டது. 2009-ல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிக்கு ஒரு அப்டேட்டை அனுப்பி, பிற கம்பெனிகளின் மெமரி கார்டுகளை வேலை செய்யவிடாமல் நிறுத்தியது. அதிலே ஆட்டத்தைச் சேமித்து வைத்திருந்த பிள்ளை என்ன தப்பு செய்தது? கார்டு செய்த டேடெல் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது.

உங்கள் வீட்டு பிரின்டர் என்றைக்காவது, 'இந்த இங்க் எனக்கு ஒத்துவராது' என்று அடம் பிடித்தால், மை மட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நாலெழுத்து இல்லாமல் போயிருக்கலாம்.