அருணாசல ஸ்துதி பஞ்சகம்

அருணாசல ஸ்துதி பஞ்சகம் என்பது, 1896-ஆம் ஆண்டு திருவண்ணாமலையை அடைந்து 1950-இல் முக்தியடையும்வரை அத்தலத்தை விட்டு நீங்காத ரமண மகரிஷி, அங்குள்ள அருணாசல மலையையே இறைவனாகக் கொண்டு இயற்றிய அக்ஷரமணமாலை, நவமணிமாலை, பதிகம், அஷ்டகம், பஞ்சரத்தினம் என்னும் ஐந்து துதிகளின் தொகுதியாகும். இத்தொகுதி ஒரு நூலாகத் திட்டமிடப்பெற்றதன்று. சந்தர்ப்பங்கள் தாமே இதனைத் தொகுத்தன.

108 கண்ணிகளாலாகிய அக்ஷரமணமாலை பிறந்ததற்குக் காரணம் பிக்ஷையே. விரூபாக்ஷ குகையில் மகரிஷியுடன் வசித்த அடியார்கள் ஊருக்குள் பிக்ஷைக்குச் சென்றபோது, மற்றச் சாதுக்களினின்றும் தம்மை இல்லறத்தார் பிரித்தறியத்தக்க ஒரு பாட்டு வேண்டுமென்று விண்ணப்பித்தனர். பழைய அருளாளர் பாடல்கள் ஏராளமாக இருக்கப் புதியது எதற்கென்று முதலில் மறுத்தவர், பின்னர் 1914-ஐ ஒட்டி, கிரிப்பிரதக்ஷிணம் செய்த வேளைகளிலும் பிறவேளைகளிலும் அகர வரிசைப்படி இக்கண்ணிகளை அமைத்தார்.

பதிகமும் அஷ்டகமும் யாரும் கேளாமல் வந்தவை. ஒரு நாள் காலையில் பதிகத்தின் தொடக்கச் சொற்கள் உள்ளத்தில் எழ, அவற்றை அடக்க முயன்றும் இயலாமல் ஒரு பாட்டாக்கியதாகவும், அதன்பின் நாளொன்றுக்கு ஒன்றாகப் பாடல்கள் தோன்ற, பத்தாவதும் பதினொன்றாவதும் மட்டும் ஒரே நாளில் அமைந்ததாகவும் மகரிஷியே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பதிகம் என்ற பெயருக்குப் பதினொரு பாட்டா என்று வியப்போர், இதே தலத்தின்மீது சம்பந்தர் பாடிய பதிகங்களில் கடைக்காப்பு என்னும் இறுதிப் பாட்டு தனியே வருவதை நினைவுகூர்வது நலம்.

பதிகம் நிறைவுற்ற மறுநாள் மலைவலம் புறப்பட்ட மகரிஷியின் பின்னே சென்ற பழனிசுவாமி என்ற அடியாரை, மற்றோர் அடியாரான அய்யாசுவாமி திரும்ப அழைத்து, இன்றும் பாட்டு வரக்கூடும் என்று காகிதமும் பென்சிலும் கொடுத்தனுப்பினார். அவர் எண்ணியபடியே, குகைக்குத் திரும்புமுன் ஆறு பாடல்கள் எழுதப்பெற்றன. அவ்வமயம் வேலூரில் சிங்கர் கம்பெனி ஏஜெண்டாக இருந்த நாராயண ரெட்டியார் வந்து, இவற்றை உடனே அச்சிடுவேனென்று வற்புறுத்தவே, யாப்பு வேறுபட்ட அவ்வாறையும் தனி நூலாக்கக் கருதிய மகரிஷி, அஷ்டகம் நிறைவதற்காக அங்கேயே மேலும் இரண்டு பாடல்களை இயற்றிச் சேர்த்தார். ஆகப் பத்தொன்பது பாடல்கள் அச்சகம் சென்றன. எண்ணிக்கையை நிரப்பப் பிறந்தவை என்பதற்காக அவ்விரண்டையும் தரம் குறைந்தனவாக எண்ணுவதற்கு யாதொரு நியாயமுமில்லை.

நவமணிமாலையின் ஒன்பது பாடல்களும் வெவ்வேறு காலங்களில் தோன்றிப் பின் ஒன்று சேர்ந்தவை. பஞ்சரத்தினமோ, மகரிஷியின் அடியாரான காவியகண்ட கணபதி முனிவரின் வேண்டுகோளுக்கிணங்க 1917-இல் சம்ஸ்கிருதத்தில் ஆரியா யாப்பில் இயற்றப்பெற்று, 1922-இல் மகரிஷியாலேயே தமிழ் வெண்பாக்களாக்கப்பெற்றது. வடமொழி மூலத்தின் இறுதியில், ஆக்கியோன் பெயர் கூறும் சுலோகமொன்றைத் தைவராதர் என்ற அடியார் இணைத்தார்.

இத்தொகுதிக்குக் காலப்போக்கில் சேர்க்கைகள் நேர்ந்தன. அருணாசல மாஹாத்மியம் பற்றி மகரிஷி மொழிபெயர்த்த ஏழு பாடல்களும், தீபதரிசன தத்துவத்தைக் கூறும் ஒரு பாடலும் முகப்பில் இடம்பெற்றன. 1923-இல் மகரிஷியிடம் வந்துசேர்ந்த அடியாரான முருகனார் அக்ஷரமணமாலைக்குப் பாயிரம் பாடினார். ரமணாசிரமப் பாராயணத்தில் அதனை ஓதிய பின்னரே முதற்கண்ணி தொடங்கப்பெறுகிறது.